மேட்டு நகரம் – 11: மழை பிரியும் முகடு

காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தீர்ப்புச் சொன்னபோது தமிழ்நாடு ஒரே ஒரு எண்ணைத்தான் பார்த்தது. பிலிகுண்டுலுவுக்கு வந்து சேர வேண்டிய தண்ணீர் 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி. ஆனது. குறைந்த 14.75 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி., தமிழ்நாட்டுக்கு நிலத்தடி நீர் இருக்கிறதே என்று சொல்லிக் கழிக்கப்பட்டது. மிச்சம் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிதண்ணீருக்கு.

அந்த 4.75-க்குப் பின்னால் இருப்பது ஒரு மேடு. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் தந்த தீர்ப்பில், பெங்களூரின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காவிரிப் படுகையில் இருக்கிறது என்று கொண்டு அந்தப் பங்குக்கு மட்டும் குடிநீர் ஒதுக்கியிருந்தது. தேவையில் பாதியை நிலத்தடி நீர் பார்த்துக்கொள்ளும் என்றும் வைத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. நகரத்தைத் துண்டு போடாமல் முழுதாக எடுத்துக்கொண்டது. நகரத்தின் நடுவே ஓடும் ஒரு மேடு, மூன்றில் ஒரு பங்கை ஒரு பக்கமும் மூன்றில் இரண்டு பங்கை மறுபக்கமும் பிரிக்கிறது என்பதால்தான் இந்த வாதமே எழுந்தது. கெம்பேகவுடர் காலம் முதல் இன்றைய டேங்கர் லாரி வரை இந்த ஊரின் கதையில் நடந்த பலவற்றுக்கும் அந்த மேடுதான் காரணம். இந்தத் தொடருக்கு ‘மேட்டு நகரம்’ என்று பெயர் வைத்ததும் அதனால்தான். ஆகவே இந்த இதழில் கோட்டையையும் அரண்மனையையும் விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்ப்போம்.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து வருகிறவருக்கு இது மலையூர். ஊருக்குள் இருப்பவருக்கு மலை தெரியாது, ஏறியதே நினைவிருக்காது. ஆனால் மழைக்குத் தெரியும். வடக்கே தொட்டபெட்டஹள்ளி அருகில் 962 மீட்டரைத் தொடும் முகடு, ஊரின் ஊடே தென்மேற்காக இறங்குகிறது. அதற்கு மேற்கே விழும் துளி விருஷபாவதியில் சேர்ந்து, அர்க்காவதிக்குப் போய், மேகதாதுவுக்குச் சற்று மேலே சங்கமத்தில் காவிரியில் கலக்கும். கிழக்கே விழும் துளி ஹெப்பாள் பள்ளத்தாக்கிலோ கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலோ இறங்கி, தட்சிண பினாகினியில் கலந்து ஓசூருக்குப் போகும். தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் அந்த ஆற்றுக்குத் தென்பெண்ணை என்று பெயர். கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் என்று நடந்து கடலூர் அருகே கடலில் சேரும். ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளின் கூரைத் தண்ணீர் இரண்டு வேறு ஆறுகளுக்குப் போகும் இடங்கள் இந்த ஊரில் உண்டு.

வடக்கே அறுபது கிலோமீட்டரில் நந்தி மலை. அர்க்காவதி அங்கேதான் பிறக்கிறது. பெண்ணையும் பாலாறும் அந்த மலைத்தொடரைச் சுற்றியே தொடங்குகின்றன. வட ஆற்காடும் தென் ஆற்காடும் நம்பியிருந்த ஆறுகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது பெங்களூர். ஆனால் தலைமாட்டில் ஆறு பெருகாது. ஓடை அளவுதான் இருக்கும். ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை பெய்யும், பெய்தது இரண்டு பக்கமும் வழிந்து போய்விடும். இந்த நகரத்துக்குச் சொந்தமாக ஆறு கிடையாது.

ஆறு இல்லாத மேட்டில் ஊர் கட்டியவர்கள் மழையை நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். 1537-ல் பேட்டையை நிறுவிய முதலாம் கெம்பேகவுடர் பெயரோடும் அவருக்குப் பின் வந்தவர்கள் பெயரோடும் சேர்த்துச் சொல்லப்படும் ஏரிகள் பல: தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி, அல்சூர். பள்ளத்தாக்கின் குறுக்கே மண் கரை, கரை நிரம்பினால் வழிய ஒரு கலிங்கு, வழிந்த தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போக ஒரு கால்வாய். மேலே உள்ள ஏரி நிரம்பினால்தான் கீழே உள்ள ஏரிக்குத் தண்ணீர். அந்தக் கால்வாயை இங்கே இன்றும் ‘ராஜகாலுவே’ என்கிறார்கள். நம் தொண்டை மண்டலத்து ஏரிக்காரர்கள் இதைப் பார்த்தால் ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது. அவர்கள் ஊரிலும் இதுதான் முறை.

இந்த ஏரிகளில் சம்பங்கியின் கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

கோட்டைப் பேட்டைக்குக் கிழக்கே இருந்த ஏரி அது. அதைச் சுற்றிக் காய்கறித் தோட்டமும் பூந்தோட்டமும் போட்டுப் பிழைத்தவர்கள் திகளர்கள். தங்களை வன்னிகுல க்ஷத்திரியர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. பழைய குடும்பங்களில் கன்னடமும் தெலுங்கும் கலந்த ஒரு தமிழ் பேசுவார்கள். ஹைதர் அலி 1760-ல் லால்பாக் போடத் தொடங்கியபோது மண்ணைப் பண்படுத்திய கைகளில் இவர்களுடையவையும் உண்டு. இவர்கள் கும்பிடும் தெய்வம் திரௌபதி. செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மனுக்குப் பாரதக் கூத்தும் தீமிதியும் நடக்கின்றனவே, அதே திரௌபதி. பெங்களூர்ப் பேட்டையில் தர்மராய சுவாமி கோயிலில் அவள் இருக்கிறாள். சித்திரை முழுநிலவில் அவளுக்குக் கரகம்.

பெங்களூர்க் கரகத்தை ஒரு முறையாவது கூட்டத்துக்குள் நின்று பார்க்க வேண்டும். நள்ளிரவு தாண்டிக் கோயில் கதவு திறக்கும். மஞ்சள் சேலை, கை நிறைய வளையல், நெற்றியில் குங்குமம் என்று பெண் வேடத்தில், தலையில் மல்லிகைப் பூவால் கோபுரம்போல் அடுக்கிய கரகத்தோடு பூசாரி வெளியே வருவார். கையால் பிடிக்க மாட்டார். சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள், ‘கோவிந்தா, கோவிந்தா’ என்று ஒரே குரல். பூவின் வாசனையும் வியர்வையும் சாம்பிராணியும் ஒன்றாக முகத்தில் அடிக்கும். விடியும்வரை பேட்டைத் தெருக்களைச் சுற்றும் அந்தக் கரகம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள்ளும் போய் வரும். இதற்கெல்லாம் முன்னதாக, முழுநிலவுக்கு முந்தைய நாட்களில், சம்பங்கி ஏரிப் பக்கத்து நீர்நிலையில்தான் ‘ஹசி கரகம்’ எடுக்கிறார்கள். தண்ணீரிலிருந்து தெய்வத்தை அழைத்து வருவது சடங்கின் உயிர். அந்தத் தண்ணீர் எங்கே என்று கேட்டால், ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா ஸ்டேடியம் இருக்கிறது; ஓரத்தில் கரகத்துக்கென்று ஒரு சின்னக் குளத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். பல தலைமுறை தோட்டம் நனைத்த ஏரி, ஒரு சடங்குக்குப் போதுமான அளவுக்குச் சுருங்கிவிட்டது.

ஏன் சுருங்கியது? அதற்கு நாம் ராணுவத்தின் பின்னால் போக வேண்டும்.

1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. காவிரி சூழ்ந்த தீவு அது. கொசுவும் மலேரியாவும் சிப்பாய்களைத் தின்றன. 1809-ல் படையைக் குளிர்ந்த மேட்டுக்கு, அல்சூர்ப் பக்கம் கொண்டுவந்தார்கள். ஜான் சல்லிவன் நீலகிரி ஏறுவதற்குப் பத்து ஆண்டு முன்பு நடந்தது இது. பின்னால் ஊட்டியையும் குன்னூரையும் தேடிப் போக வைத்த அதே எண்ணம்தான் – உயரம் ஏறினால் உடம்பு பிழைக்கும் – முதலில் பெங்களூரைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் ஆற்றை விட்டுவிட்டுக் காற்றை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தேர்வின் விலையை இந்த ஊர் இருநூறு ஆண்டுகளாகத் தண்ணீருக்குக் கொடுத்து வருகிறது என்பது என் கருத்து.

படையோடு தமிழர்கள் வந்தார்கள். ஆற்காட்டுப் பக்கத்து ஒப்பந்தக்காரர்கள், சமையற்காரர்கள், தையற்காரர்கள், கொத்தனார்கள், மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் ‘தம்பி’கள். சாப்பர்ஸின் தலைமையிடம் இன்றும் அல்சூர் ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. கன்டோன்மென்டை நம்மவர்கள் ‘தண்டு’ என்றார்கள். பேட்டை ஒரு ஊர், தண்டு ஒரு ஊர்; நடுவே கப்பன் பூங்கா. 1949 வரை இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி. இரண்டுக்கும் பொதுவாக இருந்த ஒரே குறை தண்ணீர்.

1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சத்தில் மைசூர் சீமை சிதைந்தது. பஞ்சம் ஓய்ந்த சில ஆண்டுகளில், 1882-ல், மல்லேஸ்வரத்துக்கு அருகே ஓர் ஏரியை வெட்டி முடித்தார் ரிச்சர்ட் சாங்கி. மைசூர் மராமத்துத் துறையின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். இன்று உயர்நீதிமன்றமாக இருக்கும் சிவப்புக் கட்டடமான அட்டாரா கச்சேரியை வரைந்தவரும் அவரே. அதைக் கட்டிக் கொடுத்தவர், உப்பு வியாபாரத்தில் தொடங்கித் தண்டின் பெரும் செல்வராக உயர்ந்த ஆற்காடு நாராயணசாமி முதலியார். சாங்கி ஏரியில் இப்போது மக்கள் காலையில் நடக்கிறார்கள், பிள்ளையார் கரைக்கிறார்கள். அது ஓர் ஊரின் தாகத்துக்காக வெட்டப்பட்டது என்று நடப்பவர்கள் பலருக்குத் தெரியாது.

சாங்கி ஏரி போதவில்லை. ஏரிகளால் மட்டும் இனி இந்த ஊர் பிழைக்காது என்று முடிவெடுத்தவர் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுக் குமாரபுரத்துத் தமிழ் பிராமணர். 1883-ல் மைசூரின் திவானாகி 1901-ல் இறக்கும் ஆண்டுவரை இருந்தவர். நகரத்துக்கு வடமேற்கே, இருபது கிலோமீட்டர் தொலைவில், ஹெசரகட்டாவில் அர்க்காவதியின் நீரைத் தேக்கிக் கொண்டுவரும் திட்டம் 1894-ல் தொடங்கியது. 1896-ல் குழாயில் தண்ணீர் வந்தது. மகாராஜாவின் பெயரால் சாமராஜேந்திர நீர்வேலை என்று அழைத்தார்கள். தேக்கத்திலிருந்து செங்கல் கால்வாய் வழியாகத் தண்ணீர் தானாகவே சோலதேவனஹள்ளி வரை வரும். அதற்கு மேல் வராது, ஏனென்றால் ஊர் மேட்டில் இருக்கிறது. அங்கே நீராவி இயந்திரம் வைத்து மேலே தள்ளினார்கள். பெங்களூரின் வரலாற்றில் தண்ணீர் மேல்நோக்கிப் போக ஆரம்பித்தது அந்த இயந்திரத்தில்தான். அது இன்றுவரை நிற்கவில்லை.

1901 மக்கள்தொகைக் கணக்கில் பேட்டையும் தண்டும் சேர்ந்து சுமார் 1.6 லட்சம் பேர். அவர்களில் குழாய்த்தண்ணீரைக் கண்டவர்கள் அதைப் பெரும் வரமாகத்தான் பார்த்திருப்பார்கள். 1898-ல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு பசவனகுடியும் மல்லேஸ்வரமும் குழாய் போட்ட புதிய குடியிருப்புகளாக எழுந்தன (கொள்ளைநோய்க்குத் தனியாக ஒரு பகுதி எழுத வேண்டும், அடுத்த இதழில்). நான் சேஷாத்ரி ஐயரைக் குறை சொல்ல மாட்டேன். கப்பன் பூங்காவில் அவர் சிலையைக் கடக்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகிறேன். ஆனால் ஹெசரகட்டாத் தண்ணீர் வந்த நாளிலிருந்து ஊருக்குள் இருந்த ஏரிகளின் மதிப்பு குறையத் தொடங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். குடிக்க வேறு தண்ணீர் வந்துவிட்டது. ஏரி இனிக் கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் இடம் என்று சொல்லப்பட்டது. அடுத்து அது காலி மனை ஆனது. சம்பங்கியின் வற்றிய படுகையில் போலோ ஆடினார்கள். தோட்டக்காரர்களின் பேச்சு அம்பலம் ஏறவில்லை.

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. 1920-களில் ஹெசரகட்டா கைவிட்டது. விஸ்வேஸ்வரய்யா தலைமையில் குழு அமைத்து, அர்க்காவதியும் குமுதவதியும் சேரும் திப்பகொண்டனஹள்ளியில் அணை கட்டி 1933-ல் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஊருக்குள் தர்மாம்புதி மைதானமாகி, பிறகு மெஜஸ்டிக் பஸ் நிலையம் ஆனது. மில்லர் ஏரிப் படுகையில் பவனங்கள் எழுந்தன. சூளை ஏரி கால்பந்துத் திடல் ஆயிற்று. சல்லகட்டா ஏரியில் கோல்ஃப் ஆடுகிறார்கள். கோரமங்களா ஏரி இருந்த இடத்தில் தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் குடியிருப்பு வந்தது. தூரத்தில் இருந்து ஒவ்வொரு முறை தண்ணீர் வந்தபோதும் பக்கத்தில் இருந்த ஒரு ஏரி போனது. பிறகு அந்தத் தூரத்துத் தண்ணீருக்கும் அதே கதி. ஹெசரகட்டாவும் திப்பகொண்டனஹள்ளியும் வரத்து குறைந்தும் மாசுபட்டும் நகருக்குத் தண்ணீர் தருவதை நிறுத்தின.

மிஞ்சியது காவிரி.

காவிரி பெங்களூருக்கு முதலில் தண்ணீராக வரவில்லை, வெளிச்சமாக வந்தது. சிவனசமுத்திர அருவியில் 1902-ல் எடுத்த மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போனது. 1905 ஆகஸ்டில் பெங்களூர்த் தெருவில் விளக்கெரிந்தது. இதற்கும் சேஷாத்ரி ஐயர்தான் வித்திட்டவர். வெளிச்சம் வந்து ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து, 1974-ல், காவிரி முதல் கட்டத் தண்ணீர் ஊருக்கு ஏறியது. நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர். 1982-ல் அதே அளவு இன்னொரு கட்டம். 1993, 2002, 2012 என்று கட்டங்கள் நீண்டு, நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் ஆனது. மண்டியா மாவட்டம் தொரெக்காடனஹள்ளியில் சுத்திகரித்து, ஹாரோஹள்ளியிலும் தாதகுனியிலும் மீண்டும் மீண்டும் பம்ப் செய்து, சுமார் நூறு கிலோமீட்டர் மேலே தள்ளுகிறார்கள். நம் வீட்டுக் குழாயில் விழும் ஒவ்வொரு குடத்துக்கும் எங்கோ ஒரு மோட்டார் இரவும் பகலும் உழைக்கிறது. குடிநீர் வாரியத்தின் செலவில் பெரும்பகுதி மின்சாரக் கட்டணம்தான்.

நான் வளர்ந்தது அல்சூரில், ஏரியிலிருந்து நடக்கும் தூரத்தில். காவிரி வரும் நாளை எங்கள் சந்து காதால் கண்டுபிடிக்கும். வால்வ்மேன் சைக்கிளை நிறுத்தி, ஆள் உயர இரும்புச் சாவியைத் தரையில் இருக்கும் மூடிக்குள் விட்டுத் திருகுவார். சில நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு குழாய் பெருமூச்சு விடும்; காற்று மட்டும் சீறிக்கொண்டு வரும்; அதன் பின்னால் செம்மண் நிறத்தில் ஒரு கை அளவு; அதன் பின்னால் தெளிந்த தண்ணீர். அம்மா முதல் குடத்தை நிரப்பிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் பிடிப்பாள். அம்மாவின் ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம், தென்பெண்ணைக் கரை. “எங்க ஆத்துல தண்ணி இல்ல, மேட்டுல வந்து காவேரிய குடிக்கிறேன்” என்பாள். அவள் சிரிக்காமல்தான் சொல்வாள்.

1991 டிசம்பரையும் அந்தச் சந்தில்தான் கடந்தோம். நடுவர் மன்றம் ஜூன் 25 அன்று இட்ட இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்த பிறகு கலவரம் வெடித்தது. தமிழர் கடைகளும் குடிசைகளும் எரிந்தன, உயிர்கள் போயின, ஊரடங்கு போட்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையை அப்பா கழற்றி உள்ளே வைத்தார். எதிர்வீட்டுக் கன்னட அம்மா, அவரை நாங்கள் ‘அஜ்ஜி’ என்றுதான் கூப்பிடுவோம், இரவில் எங்களைத் தம் வீட்டுப் பின்கட்டில் படுக்க வைத்துவிட்டு வாசலில் தாமே உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டு அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட வேண்டியிருந்த திருவள்ளுவர் சிலை சாக்குக்குள் மூடப்பட்டு, 2009 ஆகஸ்ட் 9 வரை அப்படியே நின்றது. பதினெட்டு ஆண்டுகள். இரண்டு பக்கத்துத் தாகத்தையும் ஒரே வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழ்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சாக்கு வெறும் செய்தியாக இருந்ததில்லை.

அந்த நாட்களில் இரு தரப்பும் பேசியது தண்ணீர் வருவதைப் பற்றி மட்டும். வந்த தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. முகட்டை நினைவில் வைத்தால் அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

வீட்டு உபயோகத்துக்கு எடுக்கும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குதான் உண்மையில் செலவாகிறது, மற்ற நான்கு பங்கும் கழிவாகி ஆற்றுக்கே திரும்பிவிடுகிறது என்பது நடுவர் மன்றம் பின்பற்றிய கணக்கு. பொதுவாகச் சரியான கணக்கு. ஆனால் எந்த ஆற்றுக்குத் திரும்புகிறது? மேற்குச் சரிவில் இருக்கும் ராஜாஜிநகரிலும் விஜயநகரிலும் குடித்துக் குளித்த காவிரி, விருஷபாவதி வழியாகக் கருத்து நாறிப்போயாவது காவிரிக்குத் திரும்பும். கிழக்குச் சரிவில், இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் ஒயிட்ஃபீல்டிலும் எங்கள் அல்சூரிலும் குடித்த காவிரி ஒருநாளும் காவிரிக்குத் திரும்பாது. அது முகட்டைத் தாண்டிவிட்டது. நூறு கிலோமீட்டர் மேலே ஏறி, மறுபக்கம் இறங்கி, பெண்ணையில் கலக்கிறது. ஓர் ஆற்றை இயந்திரம் வைத்து இன்னோர் ஆற்றுப் படுகைக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். நகரத்தின் பெரும்பகுதி கிழக்குச் சரிவில் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஊற்றும் தண்ணீரின் நிலை என்ன என்பதற்குப் பெல்லந்தூர் சாட்சி. நகரத்தின் மிகப் பெரிய ஏரி. ஏறத்தாழ 900 ஏக்கர். கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் சாக்கடை அத்தனையும் அதில்தான் இறங்கியது. சோப்பும் டிடர்ஜென்ட்டும் கலந்த சுத்திகரிக்காத கழிவு கலிங்கில் விழுந்து அடிபடும்போது நுரை கிளம்பும். அந்த நுரை மதகிலிருந்து எழும்பிச் சாலையில் பறந்து வாகனங்களை மூடியது. 2015-லும் 2018 ஜனவரியிலும் ஏரியே தீப்பிடித்து எரிந்தது. பெல்லந்தூரை அடுத்து வர்த்தூர், அதற்கும் கீழே தட்சிண பினாகினி, எல்லை தாண்டியதும் ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை. அணையின் மதகைத் திறக்கும்போது அங்கேயும் நுரை மலையாக எழுகிறது; பார்த்திருக்கிறேன். வாய்க்காலில் இறங்கிப் பாத்தி கட்டும் விவசாயிக்குக் காலில் அரிப்பு. தக்காளிக்கும் கீரைக்கும் அந்தத் தண்ணீர்தான். அந்தத் தக்காளியில் ஒரு பங்கு லாரி ஏறித் திரும்பவும் பெங்களூர்ச் சந்தைக்கு வருகிறது.

2018-ல் இந்தக் கிழக்குச் சரிவில் கர்நாடக அரசு ஒரு பெரிய காரியம் செய்தது. கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் அளவுக்குக் கோலார் மாவட்டத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம். ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த ஏரிகள் நிரம்பின, சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் ஏறியது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு மட்டும் போதுமா, மூன்றாம் நிலையும் வேண்டாமா என்ற வழக்கும் வாதமும் அன்றே எழுந்தன. முதல் சில வாரங்களில் ஓர் ஏரியில் நுரை வந்தது. என்னைக் கேட்டால் திட்டம் நல்லது, சுத்திகரிப்பு போதாது. குடிநீர் ஊறும் நிலத்தடிக்குள் போகிற தண்ணீருக்கு அரைகுறைச் சுத்தம் ஆகாது. கோலாருக்கு வேண்டும் என்று நான் கேட்கும் அந்தச் சுத்தம் கெலவரப்பள்ளிக்கும் வேண்டும்.

அண்மைச் செய்திக்கு வருவோம். 2022 செப்டம்பரில் கிழக்குச் சரிவு வெள்ளத்தில் மூழ்கியது. ஏமலூரிலும் பெல்லந்தூரிலும் ஐ.டி. ஊழியர்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ராஜகாலுவே மேல் கட்டடம் நின்றால் மழை வீட்டுக்குள் வரும். 2024 மார்ச்சில் அதே பகுதி வறண்டது. அரசு ஆழ்துளைக் கிணறுகள் சுமார் 13,900-ல் 6,900 வற்றிவிட்டதாகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் சொன்னார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வாரியம் அறிவித்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் டேங்கர்கள் வரிசை கட்டின. தேவையில் பாதியை நிலத்தடி நீர் தரும் என்ற 2007-ன் கணக்கு அந்த மார்ச்சில் கண்ணெதிரே உடைந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று தொரெக்காடனஹள்ளியில் முதலமைச்சர் சித்தராமையா காவிரி ஐந்தாம் கட்டத்தைத் தொடங்கி வைத்தார். நாளொன்றுக்கு மேலும் 77.5 கோடி லிட்டர். நகரத்தோடு பிற்பாடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு. டேங்கருக்கு வரிசையில் நின்ற வீட்டுக்குக் குழாய் வருகிறது, அதைப் பார்த்து நான் மகிழத்தான் செய்வேன். ஆனால் 77.5 கோடி லிட்டர் ஏறுகிறது என்றால் 60 கோடி லிட்டருக்கும் மேல் கழிவாக இறங்கப் போகிறது. ஐந்தாம் கட்டக் குழாயைப் போட்ட அதே வேகத்தில், அதற்கு ஈடான சுத்திகரிப்பு நிலையங்களையும் கிழக்குச் சரிவில் கட்டியிருக்க வேண்டும். மேலே தள்ளும் மோட்டாருக்கு நாள் குறித்துத் திறப்புவிழா நடத்துகிறோம். கீழே இறங்கும் தண்ணீருக்கு யாரும் நாள் குறிப்பதில்லை.

இதில் தமிழ்நாடு கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. எத்தனை டி.எம்.சி. என்று பிலிகுண்டுலுவில் அளக்கிறோம். அதை அளக்கத்தான் வேண்டும். கெலவரப்பள்ளிக்கு வரும் தண்ணீரின் தரத்தையும் அதே அக்கறையோடு நாள்தோறும் அளந்து, நாள்தோறும் வெளியிட்டு, அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பெங்களூரோடு பேச வேண்டும். பெங்களூரில் இருந்துகொண்டு, அந்தக் கழிவில் என் வீட்டுப் பங்கும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன். எங்கள் சமையலறைத் தொட்டியில் கழுவிவிடும் நுரை மூன்று ஏரி தாண்டி அம்மாவின் ஊர் ஆற்றுக்குத்தான் போகிறது.

(தொடரும் – அடுத்த இதழில்: 1898, கொள்ளைநோய் வந்த ஆண்டு)